சிமெண்டுக்குள்ள வைக்கோல்

அட, எஞ்சின ஆஃப் பண்ணுங்க தம்பி. நானும் எங்கயும் ஓடப் போறதில்ல, வீடும் ஓடாது. என்ஜினியர் வந்து கை காட்டாம நீங்க இடிக்கறதுக்குப் பக்கெட்டத் தூக்க முடியாது, அது எனக்கும் தெரியும். பாலத்துகிட்ட மாட்டிக்கிட்டாருன்னு உங்க போன்ல சத்தமாத்தானே சொன்னாங்க, என் காதுக்கே கேட்டுச்சு. எறங்கி வாங்க. இந்த மரத்தடியில நிழல் இருக்கு. ஸ்டூல நான் எடுத்துக்கறேன், தப்பா நினைக்காதீங்க, எனக்கு முட்டி மடங்காது. நீங்க அந்தக் கல்லு மேல உக்காருங்க.

இந்தாங்க டீ. குடிச்சுப் பாருங்க, நல்லா இருக்கும். என் வீட்டுக்காரி போட்டது. இப்பதான் ஜன்னல் கம்பி வழியா நீட்டினா. மிஷின் கொண்டு வந்த புள்ளையும் வெயில்ல நிக்குது, அதுக்கும் ஒரு டம்ளர் குடுங்கன்னா. ஆமா தம்பி, உள்ளதான் இருக்கா. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. காலி வீடுன்னு சொல்லி உங்கள அனுப்பினாங்களா? சொல்லுவாங்க. காலியாத்தான் இருந்திருக்கணும்.

பயப்படாதீங்க. உங்க மேல அவளுக்குக் கோபம் இல்ல. இருந்தா டீ வராது, வந்தாலும் உப்புப் போட்டு வரும். எனக்கு ஒரு தடவ அப்படி வந்திருக்கு.

புகார் யாரு குடுத்தாங்கன்னா... அத அப்புறம் பேசலாம். மொதல்ல டீ.

உங்க முதலாளி என்னப் பத்தி என்ன சொல்லி அனுப்பினாரு? சும்மா சொல்லுங்க, நான் கேக்காத வசவா. வில்லங்கம் புடிச்ச கிழவன், மிஷினுக்கு முன்னாடி படுத்துக்குவான், ஜாக்கிரதைன்னு. இதானே? மரியாதையாத்தான் சொல்லியிருக்காரு. அவங்க அப்பாவோட மிஷினுக்கு முன்னாடியே படுத்தவன் நான். அது இதவிடப் பெருசு, பிரேக்கும் கெடயாது. நோட்டீஸ்னு கேட்டுப் பாருங்க, இந்தப் பக்கத்துல பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். அதான் எனக்குப் பேரு. பள்ளிக்கூடம் நான் போகல. பிரஸ்ல நோட்டீஸ் மடிக்கிற வேலைக்குப் போனேன். மடிக்கும்போதே எழுத்து எழுத்தாக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். ஒரு பக்கத்துல அடங்கலேன்னா அது நோட்டீஸ் இல்ல, புலம்பல்னு எங்க பிரஸ்காரர் சொல்லுவாரு. இன்னிக்கு நான் பேசுறது ஒரு பக்கத்தத் தாண்டும். பொறுத்துக்குங்க.

கட்டட வேலைக்காரங்க சங்கம் நாங்க ஆரம்பிச்சதுதான். ஊருக்கெல்லாம் மாடி கட்டுறவன் மண்ணுக்குள்ள படுக்கணுமான்னு ஒரு நோட்டீஸ் போட்டேன். அந்த ஒரு வரிக்கே மூணு முதலாளிங்க என் மேல கேஸ் போட்டாங்க. ஓலை வேண்டாம், மண் வேண்டாம், சிமெண்ட் வீடு வேணும். இதான் கோஷம். எத்தனை ஊர்வலம், எத்தனை உண்ணாவிரதம். குடிசைய இடிக்க வரும்போதெல்லாம் போய்ப் படுத்துக்குவேன். மத்தவங்க நிப்பாங்க, நான் படுப்பேன். நிக்கிறவனத் தள்ளிடலாம், படுத்தவனத் தூக்கணும், தூக்க ரெண்டு பேர் வேணும். சின்ன கணக்குதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். படுத்த எடத்துல இருந்து என்ன எந்தத் தடவையும் போலீஸ் தூக்கினதில்ல. அவங்க கை வைக்கறதுக்குள்ள இவ வந்துடுவா. எங்கிருந்து வருவான்னே தெரியாது, யாரு போய்ச் சொல்லுவாங்கன்னும் தெரியாது. சமையல் கையோட கூட்டத்தப் பொளந்துக்கிட்டு வருவா. மிஷின்காரன ஒரு பார்வ பாப்பா, இன்ஸ்பெக்டர ஒரு பார்வ. அப்புறம் குனிஞ்சு என் காதுகிட்ட வந்து, எந்திரிங்க, சாப்பாடு ஆறுதும்பா. அவ்வளவுதான். ஊரே கெஞ்சினாலும் எந்திரிக்காதவன், எந்திரிச்சுப் பின்னாடியே போவேன். தோழர் அடக்குமுறைக்கு அஞ்ச மாட்டாரு, அடுப்படிக்குத்தான் அஞ்சுவாருன்னு எங்காளுங்க கிண்டல் பண்ணுவாங்க. ஒரு தடவயாவது வராம இருந்திருக்காளான்னா, இல்ல. பொண்ணு பொறக்க நாளு நெருங்கின சமயத்துல கூட வயித்தத் தள்ளிக்கிட்டு வந்தா.

என்ன சொன்னீங்க? வீடு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இடிக்கணும்னா?

அப்படிக் கேளுங்க. நல்லாத்தான் இருக்கு. அந்தப் பின்பக்கச் சுவத்தப் பாருங்க, ஒரு கீறல் கெடயாது. கைதேர்ந்த ஆளு பூசின பூச்சு. அந்தச் சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம். செங்கல்லா? இல்ல. கல்லா? இல்ல. வைக்கோல் தம்பி. மாடு திங்கிற வைக்கோல்.

சிரிங்க. நானும் சிரிச்சேன்.

என் பொண்ணு கட்டின வீடு இது. கட்டடம் கட்டுறதுக்குன்னே படிச்சா, பெரிய படிப்பு. படிச்சு முடிச்சு வந்து, அப்பா நான் மண்ணுலயும் வைக்கோல்லயும்தான் வீடு கட்டப் போறேன்னு நிக்கிறா. எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ஆயுசு பூரா நான் எதுக்கு எதிரா கத்தினேனோ அதக் கட்டுறதுக்கு என் பொண்ணு பட்டம் வாங்கிட்டு வந்திருக்கா. ஒரு மாசம் சண்ட. சாப்பிடும்போது சண்ட, பல்லு வெளக்கும்போது சண்ட. இவ நடுவுல உக்காந்துக்கிட்டு, கூட்டத்தக் கலைங்க, நான் பாத்திரம் கழுவணும்பா.

கடைசியில பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. சிமெண்ட் வேணும் சிமெண்ட் வேணும்னு யார்கிட்டப்பா கேட்டீங்க? சிமெண்ட் கம்பெனி வச்சிருக்கறவங்ககிட்டயே போய் நின்னு கேட்டீங்க. மண்ணுக்கு முதலாளி இருக்காராப்பா? வைக்கோலுக்கு?

நான் வாதத்துக்குத் தோக்கறவன் தம்பி, அடிக்குத் தோக்க மாட்டேன். அன்னிக்கே உக்காந்து எழுதினேன், மண்ணுக்கு முதலாளி இல்லைன்னு. நான் எழுதின நோட்டீஸ்லயே நல்ல நோட்டீஸ் அதுதான். சங்கத்துல ஒருத்தனும் வாங்கல. தோழருக்கு வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க.

ஆனா வேற இடத்துல அதே மண்ணுக்கு என்ன மரியாதை தெரியுமா? பொண்ணக் கூப்பிட்டு பெரிய பெரிய ஆளுங்க வீடு கட்டிக்கறாங்க. தோட்டம், நீச்சல் குளம், நடுவுல மண் வீடு. இல்லாதவன் மண்ணுல இருந்தா குடிசை, புல்டோசர் வரும். இருக்கறவன் மண்ணுல இருந்தா போட்டோகிராபர் வருவான். சரி, அத விடுங்க, அதப் பேச ஆரம்பிச்சா எனக்கு மூச்சு வாங்கும்.

இந்த வீட்ட அவ எங்களுக்காகக் கட்டினா. அவங்க அம்மாவுக்காகன்னு சொல்லணும். ஏன்னா, எங்களுக்குன்னு வீடே இருந்ததில்ல தம்பி. போராடி வாங்கின காலனியில எனக்கும் ஒண்ணு ஒதுக்கினாங்க. சாரத்துல இருந்து விழுந்து கால் போன ஒரு தோழர் இருந்தாரு, அவருக்குக் குடுங்கன்னு மேடையிலயே சொல்லிட்டேன். கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆச்சு. வீட்டுக்கு வந்தா இவ மூட்ட கட்டிக்கிட்டிருக்கா. அன்னிக்குச் சாயந்திரம்தான் அப்ப வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டுப் போயிருந்தான். என்ன யாரு வச்சுக்குவாங்க, சொல்லுங்க? ஒரு கைது, ஒரு பேப்பர் செய்தி, உடனே வீட்டுக்காரன் வாசல்ல நிப்பான். நல்லவனாத்தான் பேசுவான். உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன், நாலு நாள்ல பாத்துக்குங்கம்மா. இவ ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா. பாத்திரத்த அடுக்குவா. எத்தனை வீடுன்னு அவகிட்டத்தான் கணக்கு இருக்கு, நான் கேட்டதில்ல.

பொண்ணு இந்த வீட்டு வாசல்ல அம்மாவ நிக்க வச்சு, இனிமே யாரும் வந்து காலி பண்ணுன்னு சொல்ல மாட்டாங்கம்மான்னு சொன்னா. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன்.

கட்டும்போது பாத்திருக்கணும் நீங்க. கீழ கல் வரிச மட்டும் இடுப்பு உசரத்துக்கு. அது மேல வைக்கோல் கட்டு, செங்கல் மாதிரி அடுக்கி, கழி சொருகி இறுக்கி. அது மேல ரெண்டு பக்கமும் மண் பூச்சு. மண்ணுல வைக்கோல நறுக்கிப் போட்டு மிதிக்கணும். நான் மிதிச்சேன், இவ மிதிச்சா. பழைய நோட்டீஸ் கட்டு ஒண்ணு கரையான் புடிச்சுக் கெடந்துச்சு, பொண்ணு அதையும் ஊற வச்சுக் கொழச்சுட்டா. அப்பாவோட எழுத்து இப்பதான் ஒரு சுவத்தத் தாங்குதுன்னு சிரிச்சா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

உள்ள வெயிலே தெரியாது தம்பி. மதியம் வெளியில இருந்து உள்ள போனா யாரோ நெத்தியில கை வச்ச மாதிரி இருக்கும். சத்தம் கேக்காது. இவ தூங்கினா. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அப்படித் தூங்கி நான் பாத்ததில்ல. ராத்திரி கதவு தட்டினா மொதல்ல எந்திரிக்கிறவ, இந்த வீட்டுல விடிஞ்சும் தூங்கினா. அந்தப் பின்பக்கச் சுவத்த ஒட்டித்தான் கட்டில். சுவத்துல முதுக வச்சுக்கிட்டுத் தூங்குவா.

இந்த மாதிரி வீடு கட்டுறவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. உள்பக்கச் சுவத்துல ஒரு எடத்துல மட்டும் பூச மாட்டாங்க. கையகலத்துக்கு ஒரு சட்டம் வச்சுக் கண்ணாடி போட்டுடுவாங்க. பாத்தா உள்ள இருக்கற வைக்கோல் அப்படியே தெரியும். அதுக்குப் பேரு என்ன தெரியுமா? உண்மை ஜன்னல். உள்ள வைக்கோல்தான் வச்சிருக்கோம், வேற எதுவும் ஒளிச்சு வைக்கலன்னு காட்டுறதுக்கு. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. வர்றவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். எந்த அரசாங்கக் கட்டடத்துலயாவது இப்படி ஒண்ணு இருக்கான்னு கேப்பேன். வைக்கோல் தங்கம் மாதிரி மின்னும்.

இப்ப சிமெண்ட் எப்படி வந்துச்சுன்னுதானே பாக்கறீங்க? வர்றேன்.

எனக்குக் கண்ணு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில நானும் இவளும். பொண்ணு வேற ஊர்ல வேலையில இருந்தா. டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவுல வந்து எறங்குறோம், வாசல்ல சங்கமே நிக்குது. பெரிய மேஸ்திரி, எனக்கு வலது கை மாதிரி இருந்தவரு, அவரு முன்னாடி. சட்டையெல்லாம் சிமெண்ட். கையக் கட்டிக்கிட்டு, தோழர், ஒரு கண்ணத் தெறந்து பாருங்கங்கறாரு. பாத்தேன். வீடு பூரா வெளிப்பக்கம் சிமெண்ட் பூசியிருக்காங்க. கண்ணாடி மாதிரி. ஆளுக்கொரு மூட்ட கொண்டு வந்து, கூலி இல்லாம, ராப்பகலா. எங்களுக்கெல்லாம் சிமெண்ட் வீடு வாங்கிக் குடுத்துட்டு நீங்க மண்ணுக்குள்ள இருக்கறத எங்களால பாக்க முடியல தோழர்னு சொல்லி மேஸ்திரி அழுதாரு. அந்த மனுஷன் அழுது நான் பாத்ததில்ல.

என்ன சொல்றது அங்க? இவ எல்லாருக்கும் டீ போடப் போயிட்டா.

பொண்ணு ஓடி வந்தா. சுவத்தத் தொட்டுப் பாத்தா, அப்படியே தரையில உக்காந்துட்டா. சுவரு மூச்சு விடணும்பா, இப்ப பிளாஸ்டிக் பைய மாட்டின மாதிரி ஆயிடுச்சுப்பான்னா. மேஸ்திரி தலையச் சொறிஞ்சுக்கிட்டு, சுவத்துக்கு மூக்கு எங்கம்மா இருக்குன்னு கேட்டாரு. கிண்டலுக்கு இல்ல, நெஜமாவே கேட்டாரு. அவ பொறுமையாச் சொன்னா. மண் பூச்சுன்னா நனையும், வெயில் வந்தா காயும். சிமெண்ட்டுக்குள்ள போன ஈரம் வெளிய வராது. மயிரிழை விரிசல் போதும், தண்ணி உள்ள போகும், அங்கயே தங்கிடும். சமைக்கிற ஆவியும் சுவத்துக்குள்ளதான் போய் நிக்கும். வைக்கோல் அழுகும்.

அன்னிக்கே பேத்து எடுக்கப் பாத்தா. ஒரு மூலையில உளி வச்சாங்க, சிமெண்ட்டோட சேந்து மண்ணும் வைக்கோலும் கொத்தாப் பிச்சுக்கிட்டு வந்துச்சு. அவ்வளவு நல்லாப் பூசியிருந்தாங்க. தோழருக்குன்னு மனசாரப் பூசினதாச்சே. விட்டுட்டாங்க. பொண்ணு கூரைய இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டி வச்சுட்டுப் போனா, சாரல் படாம இருக்கட்டும்னு.

ரெண்டு மழைக்காலம் போச்சு. ஒண்ணும் ஆகல. மேஸ்திரி வர்றப்பெல்லாம் சுவத்தத் தட்டிப் பாத்து, இரும்பு மாதிரி இருக்கு தோழர்ம்பாரு.

வெளியதான் இரும்பு. உண்மை ஜன்னல்ல வைக்கோல் மொதல்ல பழுப்பாச்சு. அப்புறம் புள்ளி புள்ளியாக் கருத்துச்சு. கண்ணாடிக்குள்ள ஓரத்துல வெள்ளையாக் காளான் மொளச்சுது. நான் தினமும் போய்ப் பாப்பேன், நோயாளியப் பாக்கற மாதிரி. ஒரு நாள் காலையில போறேன், அந்த எடத்துல முகம் பாக்கற கண்ணாடி தொங்குது. இவ ஆணி அடிச்சு மாட்டிட்டா. என்னம்மா இதுன்னேன். ஷேவ் பண்ண வசதியா இருக்கும்னா. அதுல இருந்து உண்மை ஜன்னல்ல என் மூஞ்சியத்தான் பாக்கறேன்.

இப்ப அந்தச் சுவத்துல உள்பக்கமா விரல வச்சு அமுக்கினா உள்ள போகுது தம்பி. ஈரத் துணி மாதிரி இருக்கு. கூரையோட பெரிய உத்தரம் அது மேலதான் உக்காந்திருக்கு. அது நடுவுல ஒரு விரக்கட எறங்கியிருக்கு, கதவு மூட மாட்டேங்குது, இவ தோளக் குடுத்து முட்டித்தான் தாழ்ப்பாள் போடுறா. வெளிய பாத்தா ஒரு கீறல் இல்ல. அதனால யார்கிட்டச் சொன்னாலும், நல்லாத்தானே இருக்குங்கறாங்க. நீங்க கேட்ட மாதிரியே.

பொண்ணு வந்து பாத்தா, இங்கயே தங்கி அம்மாவக் கெஞ்சினா. அடுத்த பெரு மழைய இது தாங்காதும்மா, எறக்கிட்டு மறுபடியும் கட்டலாம், அதே மண்ணக் கொழச்சுக்கலாம், அதே கல்லு வரிச, அதே கதவு. மண்ணு வீணாப் போறதில்லம்மான்னு சொன்னா. இவ எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் வெளிய போயிட்டுத் திரும்பி வந்த வீடு ஒண்ணு சொல்லுடி.

பொண்ணு மறுநாள் பையத் தூக்கிக்கிட்டு வேலைக்குக் கெளம்பிட்டா.

அவ போனதுக்கப்புறம் நான் ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்சது பேசுறதுதானே. காலையில பேசுவேன், மதியம் பேசுவேன். கட்டிலையாவது இந்தப் பக்கம் நகத்துவோம்னேன், மாட்டேன்னுட்டா. பெரிய மேஸ்திரியக் கூட்டிட்டு வந்து, ஆளுங்கள வச்சுக் கையால எறக்குவோமான்னு கேட்டேன். ஆள் உள்ள உக்காந்திருக்கும்போது எந்த மேஸ்திரி கை வைப்பாரு? அதுலயும் அந்த உத்தரத்துக்குக் கீழ நின்னு வேல செய்யச் சொல்றது கொல. எட்ட நின்னு மிஷின்தான் தள்ளணும்னு அவரே சொன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காமப் போயிட்டாரு.

ஒரு நாள் பொறுக்க முடியாம அவ கையப் புடிச்சு இழுத்தேன். உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்னேன். அவ கைய உருவிக்கிட்டு என்ன ஒரு பார்வ பாத்தா. வீட்டுக்காரன் மாதிரி பேசுறீங்கன்னா.

அதோட சரி. பேச்ச நிறுத்திட்டா. சாப்பாடு வரும், டீ வராது. டீ கேட்டுத்தானே எப்பவும் பேச்சு ஆரம்பிக்கும் எங்களுக்குள்ள. என் மேல எத்தனையோ கேஸ் போட்டிருக்காங்க தம்பி. இந்த மாதிரி ஒரு குற்றச்சாட்டு யாரும் சொன்னதில்ல.

போன வாரம் ஆபீஸ்ல இருந்து வந்து கதவுல ஒட்டினாங்க, ஆபத்தான கட்டடம், காலி செய்யவும்னு. அத அவ ரொம்ப நேரம் நின்னு படிச்சா. அப்புறம் என்கிட்ட வந்தா. எத்தனையோ நாளைக்கப்புறம் வாயத் தெறந்து, என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா. உங்களுக்குத்தான் தெரியுமே என்ன பண்றதுன்னுன்னு அவளே சொல்லிட்டுப் போய் டீ போட்டுக் கொண்டு வந்தா. இன்னிக்குக் காலையில உங்க மிஷின் சத்தம் திருப்பத்துல கேட்டதும் என்ன வெளிய அனுப்பி வச்சா. நீங்க வெளிய பாத்துக்குங்க, நான் உள்ள பாத்துக்கறேன்னா. எங்க போராட்டத்துல ஒரு நாளும் சேராதவ தம்பி அவ. ஒரு கோஷம் போட்டதில்ல. இன்னிக்குத்தான் மொத மொதலாச் சேந்திருக்கா.

இப்பக் கூட, நான் உங்கள வழிமறிச்சு வாதாடிக்கிட்டிருக்கேன்னுதான் நினைச்சுக்கிட்டிருப்பா. அந்த ஜன்னல்ல தெரியுதா, நிழல் மாதிரி? பாக்காதீங்க. பாத்தா கையாட்டுவா.

அந்தப் பக்கம் வானம் கருத்துக்கிட்டு வருது பாருங்க. இன்னிக்கு ராத்திரி தாங்கும்னு எனக்கு நம்பிக்க இல்ல. அதோ, திருப்பத்துல ஜீப் தெரியுது. அதானே என்ஜினியர் வண்டி? சரி. அப்ப சீக்கிரம் சொல்லிடறேன்.

புகார் குடுத்தது யாருன்னு கேட்டீங்கல்ல. நான்தான். மூணு தடவ போய் நின்னேன் அந்த ஆபீஸ்ல. மொத ரெண்டு தடவ அவங்க நம்பல, கெழவன் ஏதோ புதுசாப் போராட்டம் பண்றான்னு நினைச்சாங்க. மூணாவது தடவ கூட்டிட்டு வந்து சுவத்துல விரல வைக்கச் சொன்னேன். இவ அப்ப கடைக்குப் போயிருந்தா.

இல்ல, அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

இப்ப உங்ககிட்ட ஒரு உதவி. என்ஜினியர்கிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டாரு, அதான் உங்ககிட்டச் சொல்றேன். நம்ம ரெண்டு பேரும் கையால வேல செஞ்சவங்க. நான் போய் மிஷினுக்கு முன்னாடி படுத்துக்கறேன். நீங்க எஞ்சின ஸ்டார்ட் பண்ணி பக்கெட்ட ஒரு தடவ தூக்கி எறக்குங்க, போதும். நகர வேண்டாம். நான் கொஞ்சம் சத்தம் போடுவேன், உங்களத் திட்டினாலும் திட்டுவேன், மனசுல வச்சுக்காதீங்க. அவ வருவா. எப்பவும் வந்திருக்கா. தாழ்ப்பாளத் தெறந்துக்கிட்டு வந்து என் காதுகிட்டக் குனிவா பாருங்க, அப்ப எதிர்வீட்டுத் தையல்காரம்மா பின்னாடி இருந்து அவள அணைச்சுப் புடிச்சுக்குவாங்க. அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். மேஸ்திரி அந்த மூலையில, மண்ண மழைக்கு மூடத் தார்ப்பாயோட நிக்கிறாரு, உள்ள ஆள் இல்லன்னு பாத்துட்டுக் கையாட்டுவாரு. அப்புறம் நீங்க சுவத்தத் தள்ளலாம். உள்பக்கமாத் தள்ளுங்க, கதவு மேல விழாம. அந்தக் கதவு பொண்ணுக்கு வேணும்.

வரலேன்னாவா?

அதான் தம்பி. இந்தத் தடவ அவ கட்சி மாறி நிக்கிறா. நம்மாளு வெளிய பாத்துக்குவாருன்னு நம்பி உள்ளயே உக்காந்துட்டான்னா எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், வேற ஒண்ணும் தோணல. நீங்க அந்தக் கண்ணாடி டம்ளரக் குடுங்க, கீழ வச்சா ஒடஞ்சுடும், ஸ்டூல் மேல இருக்கட்டும்.

போங்க, ஏறிக்குங்க. உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. எனக்கு முட்டி மடங்காது, படுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.